கொதிகலமும் இரண்டு கம்பிகளும்

1863-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் ஒரு கொதிகலம் வெடித்துப் பலர் உயிரிழந்தனர். அதன் விளைவாக அடுத்த ஆண்டிலேயே வங்காளத்தில் கொதிகலங்களைச் சோதிப்பதற்கென ஒரு சட்டம் பிறந்தது. பின்னர் நாடு முழுமைக்கும் பொதுவாக 1923-இல் ஒரு சட்டமும், 1950-இல் விரிவான விதிகளும் ஏற்பட்டன. 1923-இன் சட்டத்திற்குப் பதிலாக 2025-இல் புதிய சட்டம் வந்துள்ளது. தகட்டின் கனம், பற்றவைப்பின் தரம், காப்பு வால்வின் அளவு ஆகியவற்றில் இவ்விதிகள் காட்டும் கண்டிப்பு போற்றத்தக்கது. ஆயினும், இன்று எண்ணெயாலோ வாயுவாலோ எரியும் கொதிகலத்தின் அழுத்தத்தைக் கணந்தோறும் ஆள்வது தகடும் அன்று, காப்பு வால்வும் அன்று. கைப்பிடிக்குள் அடங்கும் ஓர் எலெக்ட்ரானிக் கருவியும், அதனின்று செல்லும் இரண்டு மெல்லிய கம்பிகளுமேயாகும். அக்கம்பிகளை இணைக்கும் வேலை, கொதிகலத்தை நிறுவும் வேலைகளுள் கடைசியானதாகவும் அற்பமானதாகவும் கருதப்பட்டு வருவது சரியன்று.

கருவியின் தத்துவம் எளியது. 1849-இல் பூர்டன் என்னும் பிரெஞ்சுக்காரர் உரிமை பெற்ற வளைகுழாய் அழுத்தமானி, இன்றும் ஒவ்வொரு கொதிகலத்தின் முகப்பிலும் முள்ளை அசைத்துக்கொண்டிருக்கிறது. எலெக்ட்ரானிக் கருவியில் வளைகுழாய்க்குப் பதிலாக ஒரு மெல்லிய தகடு உள்ளது. அழுத்தம் ஏறும்போது தகடு சிறிதே வளைகிறது. அவ்வளைவினால் மின்தடைகளின் அளவு மாறுகிறது. உலோகக் கம்பி நீளும்போது அதன் தடை மாறுவதைக் கெல்வின் 1856-இல் கண்டறிந்தார். சிலிக்கனில் இம்மாறுதல் பன்மடங்கு மிகுதி என்பதை ஸ்மித் என்பவர் 1954-இல் வெளியிட்டார். நான்கு தடைகளை ஒரு பாலமாக இணைத்து, அதில் தோன்றும் சிறு வேறுபாட்டைப் பெருக்கி, 4 முதல் 20 மில்லி ஆம்பியர் வரையுள்ள மின்னோட்டமாகக் கருவி அனுப்புகிறது.

சுழியிலிருந்து தொடங்காமல் 4-லிருந்து தொடங்குவானேன் என்று கேட்கலாம். கருவியின் முழு மேன்மையும் இவ்வொரு வினாவின் விடையில் அடங்கியிருக்கிறது. சதுர சென்டிமீட்டருக்கு 16 கிலோகிராம் வரை அளக்கும் கருவியில், அழுத்தமே இல்லாதபோது 4 மில்லி ஆம்பியரும், 8 கிலோகிராமில் 12-ம், 16 கிலோகிராமில் 20-ம் பாயும். கம்பி அறுந்தால் மின்னோட்டம் சுழியாகிவிடும். சுழி என்பது எந்த அழுத்தத்திற்கும் உரிய அளவன்று. ஆகவே அது பழுதின் அறிகுறி என்பது ஐயமின்றி விளங்கும். சுழியையே அழுத்தமின்மைக்கு அடையாளமாகக் கொண்டிருந்தால் என்ன நேரும்? கம்பி அறுந்தவுடன், அழுத்தம் போய்விட்டதென்று கட்டுப்படுத்தும் பெட்டி எண்ணும். எண்ணி, நெருப்பை மேலும் மூட்டும். கொதிகலமோ தன் எல்லையை நோக்கி ஏறிக்கொண்டிருக்கும்.

ஆனால், கம்பி கூறும் எச்சரிக்கையைக் கேட்பாரும் வேண்டுமல்லவா? 3.6 மில்லி ஆம்பியருக்குக் குறைந்தாலும் 21-க்கு மிகுந்தாலும் பழுது எனக் கொள்வது நெடுநாளைய வழக்கம். அவ்வாறு கொண்டு எரிபொருளை நிறுத்துமாறு பெட்டியில் அமைத்தாலன்றி, 4-இன் பயன் வீணே. வாங்கி வந்த நிலையிலேயே அதனை விட்டுவிடுவோர், விலை உயர்ந்த காவலாளியை அமர்த்தி அவன் வாயைக் கட்டியவர் ஆவர்.

பெட்டிக்கு அப்பாலும் இதே நெறி வேண்டும். எரிபொருள் வால்வுக்குச் செல்லும் மின்சாரம் ரிலேயின் தொடுமுனை வழியே செல்கிறது. யாவும் நலமாயிருக்கும்போது ரிலேயின் சுருளில் மின்சாரம் இருந்து, தொடுமுனை மூடியிருக்க வேண்டும். ஆபத்திலோ, மின்தடையிலோ, கம்பி கழன்றபோதோ சுருள் உயிரிழந்து, தொடுமுனை திறந்து, வால்வு தானே மூடிக்கொள்ளும். இதனைத் தலைகீழாக, ஆபத்தின்போது மட்டும் சுருள் உயிர் பெறுமாறு இணைப்போரும் உண்டு. இரண்டும் சோதனை மேசையில் ஒன்றுபோலவே இயங்கும். வேறுபாடு புலனாவது கம்பி அறும் நாளில்தான். முதல் முறையில் வீணான நிறுத்தங்கள் நேர்ந்து உற்பத்தி கெடுகிறது என்பது ஆலைக்காரர் வாதம். அது பொய்யன்று. எனினும், அதற்கு மருந்து இணைப்பைத் தலைகீழாக்குவதன்று. முனைகளை இறுக்கி, சிக்னல் கம்பியை மோட்டார்க் கம்பிகளினின்று விலக்கிக் கொண்டுசென்று, அதன் உலோக உறையை ஒரு முனையில் மட்டும் நிலத்தோடு இணைப்பதாகும்.

கருவியைப் பொருத்தும் இடமும் கவனத்திற்கு உரியது. நீராவி நேரே தகட்டைத் தொடலாகாது. வளைந்த குழாயொன்றில் நீர் தங்கி இடையே நிற்க வேண்டும். கருவி கொதிகலத்தின் இணைப்பிற்கு 3 மீட்டர் தாழ்வாக இருந்து, இடைக்குழாயில் நீர் நிறைந்திருந்தால், அது ஏறத்தாழ 0.3 கிலோகிராம் மிகுத்துக் காட்டும். அதனைக் கழித்துக்கொள்ளல் வேண்டும்.

இவை யாவும் செம்மையாயிருந்தும், ஒரே கருவியைக் கொண்டு அன்றாட ஆட்சியையும் ஆபத்துக் காவலையும் நடத்துவது சிக்கனமாகாது. உப்புப் படிந்து குழாய் அடைபட்டால் ஆள்பவனும் காவலனும் ஒருங்கே குருடாவர். வேலை அழுத்தம் 9 என்றால், தனிக் குழாயும் தனிக் கம்பியும் உடைய இரண்டாம் கருவி 10-இல் நெருப்பை அணைக்கட்டும். ஓர் ஆள் வந்து கையால் விடுவித்தாலன்றி அது மீண்டும் எரிய விடலாகாது. அனுமதிக்கப்பட்ட 10.5-இல் காப்பு வால்வு எழட்டும். அவ்வால்வு மின்சாரத்தை அறியாது. அதுவே அதன் பெருமை.

கொதிகலத்தைக் கவனிப்பவருக்குத் தேர்ச்சிச் சான்று கேட்கப்படுகிறது. மின்கம்பி இழுப்பவருக்கு உரிமம் கேட்கப்படுகிறது. இவ்விருவருக்கும் நடுவே விழுந்துவிடும் இவ்விணைப்பைச் சோதித்துக் காட்டுமாறு ஆலை உரிமையாளர் கேட்கலாம். அதற்குப் பெரிய செலவில்லை. ஒப்படைக்கும் நாளன்று, குறைந்த அழுத்தத்தில் பர்னர் எரிந்துகொண்டிருக்கையில், கருவியின் ஒரு கம்பியை முனையிலிருந்து கழற்றச் சொல்லட்டும். நெருப்பு அணைந்து மணி ஒலித்தால் பணத்தைக் கொடுக்கலாம். அணையாவிடின், இணைத்தவர் மீண்டும் தம் கருவிப்பையைத் திறக்கட்டும்.