டே புக் இருக்கு... லெட்ஜர் எங்கே?

மக்களே, முதல்லயே சொல்லிடறேன். நான் பி.காம். புரோகிராம் எழுதத் தெரியாது. ஆனா கணக்குப் புத்தகம் எப்படி இருக்கணும்னு தெரியும். அதனால்தான் இந்தப் பதிவு.

நம்ம நாட்டு பிஎச்.டி. ஆய்வேடுகள் 5 லட்சத்துக்கும் மேல் 'ஷோத்கங்கா' தளத்தில் இருக்கின்றன. மின்வடிவில் கொடுத்தே ஆகணும்னு யுஜிசி 2009-லேயே விதி போட்டது. யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கலாம். நல்ல காரியம்தான், மறுக்கவில்லை.

ஆனால் ஒரு கேள்வி. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தில் நம்ம புதுக்கோட்டைப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். அதைப் பற்றி எத்தனை ஆய்வேடுகள் வந்தன? அவற்றின் வழிகாட்டிகளிடம் வேறு யார் யார், எதைப் பற்றி ஆய்வு செய்தார்கள்? இதை ஒரே கேள்வியாகத் தேடல் பெட்டியில் கேட்க முடியுமா? அது எழுத்தைத்தான் பார்க்கும். நம்ம ஊர்ப் பெயரையே ஆங்கிலத்தில் ஒரு 'கே' போட்டும் எழுதுகிறார்கள், இரண்டு 'கே' போட்டும் எழுதுகிறார்கள். ஆள் பெயரில் இனிஷியல் முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை. கேட்கவே வேண்டாம்!

ஜர்னலில் எழுதினால் மட்டும் கணக்கு முடிந்துவிடுமா? ஒவ்வொரு பெயருக்கும் லெட்ஜரில் தனிப் பக்கம் வேண்டும். ஜர்னலில் அந்தப் பக்க எண்ணை, அதாவது எல்.எஃப். எண்ணைப் போட வேண்டும். 'லிங்க்டு டேட்டா' என்பதும் கிட்டத்தட்ட இதுதான். ஆய்வாளர், வழிகாட்டி, ஊர் எல்லாவற்றுக்கும் மாறாத ஒரு இணைய முகவரி. "இந்த ஆய்வேடு – வழிகாட்டி – இன்னார்" என்று மூன்று மூன்றாகப் பதிவு. 'ஸ்பார்க்கிள்' என்ற கேள்வி மொழியில் கேட்டால் எல்லாவற்றையும் கோர்த்துப் பதில் வரும். அந்த மொழி 2008-லேயே தரமாக்கப்பட்டது.

ஆகாத காரியமா? ஜெர்மனியில் ட்ரியர் பல்கலைக்கழகத்தில் 1993-ல் தொடங்கிய 'டிபிஎல்பி' என்ற கணினி ஆய்வுக் கட்டுரைப் பட்டியல், 2024-ல் ஸ்பார்க்கிள் கேள்விகளுக்குக் கதவைத் திறந்துவிட்டது. ஒரே பெயரில் பத்துப் பேர் இருந்தாலும் 0001, 0002 என்று எண் போட்டுப் பிரித்து வைக்கிறார்கள். காசும் கிடையாது.

"அதான் கூகுள் இருக்கே?" என்பவர்களுக்கு: கூகுள் பக்கங்களைக் காட்டும். கூட்டிக் கழித்துக் கணக்கு ஒப்படைக்காது. ஆய்வுக்கு உதவித்தொகை நம்ம வரிப்பணம். ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி அதே 'கஸ்டமர் சாட்டிஸ்ஃபேக்ஷன்' தலைப்பு எத்தனை தடவை வந்திருக்கிறது என்று கேட்க நமக்கு உரிமை இல்லையா?

லெட்ஜர் போட்டால் டேலி ஆகாதது வெளியே தெரியுமே என்று பயமா? அது தெரியத்தானே சார் லெட்ஜரே போடறோம்! :-)