கடையில் விற்பது தூக்கமல்ல

"உடம்பெல்லாம் வலி, கொஞ்சம் போட்டால்தான் தூக்கம் வரும்" - நாற்பதைத் தாண்டிய உழைப்பாளிகள் பலர் சொல்வது இது. அவர்களை ஏசிப் பயனில்லை. சொல்வது சரிதானா என்று பார்ப்போம்.

பாதிதான் சரி. மது கண்ணைச் சீக்கிரம் மூடவைக்கும். முன்னிரவில் அசந்து தூங்கவும் வைக்கும். பின்னிரவில், போதை இறங்கியதும், கொடுத்ததை வட்டியோடு பிடுங்கிக்கொள்ளும். அடிக்கடி விழிப்பு வரும். சிறுநீர் முட்டும். தொண்டைத் தசை தளர்ந்து குறட்டை மிகும், மூச்சும் தடைபடும்.

வாலிபத்தில் உடம்பு இதைத் தாங்கலாம். நடுவயதிலோ ஆழ்ந்த உறக்கம் இயற்கையாகவே குறைகிறது. உடம்பில் நீர் குறையக் குறைய, அதே அளவு மது ரத்தத்தில் அதிகமாக ஏறுகிறது. சில நாளில் அந்த மயக்கமும் பழகிவிடும், அளவு கூடும். மறுநாள் இயந்திரத்தின் முன்னே தூக்கக் கலக்கத்தோடு நிற்பது யார்?

தமிழ்நாட்டில் 2003 முதல் மதுவைச் சில்லறையாக விற்பது அரசின் டாஸ்மாக். வருமானம் கஜானாவுக்கு; விழித்த இரவு உழைப்பாளிக்கு!

தோழர்களே! தூக்கத்துக்காகக் குடிப்பதை விடுவோம். நெடுங்காலம் மிகுதியாகக் குடித்தவர்கள் திடீரென நிறுத்துவது ஆபத்து. டாக்டரைக் கேட்டு நிறுத்த வேண்டும்.

அசதியின் வேரையும் பார்ப்போம். 12 மணி நேர வேலைக்கு வழிவிட்ட மசோதா, தொழிலாளர் எதிர்ப்பால் 2023-ல் வாபஸானது. உறக்கமும் அப்படிக் காக்கவேண்டிய உரிமையே!