சென்ட்ரலோட சென்னை முடிஞ்சு போச்சா?

வெளியூர்லேர்ந்து வந்து சேர்ந்த பசங்களுக்காக எங்க வகுப்புல 'ஒரு நாள் சென்னை' ட்ரிப் போட்டாங்க. லிஸ்ட்டைப் பார்த்தேன். மெரினா, சாந்தோம், கபாலீஸ்வரர் கோயில், கிண்டி பாம்புப் பண்ணை. சென்ட்ரலுக்கு வடக்கே ஒண்ணுகூட இல்ல! ஏன்னு கேட்டா, "எம்.கே.பி. நகர்ல பார்க்க என்னடா இருக்கு? பர்ஸ் தான் போகும்"னு சிரிப்பு வேற.

சரி மக்களே, கேட்டுக்கோங்க. தென்னிந்தியாவோட முதல் பயணிகள் ரயில் 1856-ல கிளம்பினது ராயபுரத்துலேர்ந்து. அந்த ஸ்டேஷன் கட்டிடம் இன்னும் நிக்குது. திருவொற்றியூர்ல வடிவுடையம்மன் கோயில், கடலோரமா பட்டினத்தார் சமாதி. விடிகாலைல காசிமேடு மீன் ஏலம். தூரம்னு சாக்கு சொல்லாதீங்க, விம்கோ நகர் வரைக்கும் 2021-லயே மெட்ரோ வந்தாச்சு.

மணலி பெட்ரோல் வேணும், அத்திப்பட்டு கரண்ட் வேணும், காசிமேட்டு மீன் வேணும். ஆனா பஸ் மட்டும் இந்தப் பக்கம் திரும்பாது. 2023 டிசம்பர் வெள்ளத்துல எண்ணூர் முகத்துவாரம் பூரா எண்ணெய் மிதந்தப்போ கேமரா வந்துச்சு. கஷ்டம்னா மட்டும் தான் நாங்க கண்ணுக்குத் தெரிவோமா?

அதுக்காக, ரியோ டி ஜெனிரோவுல குடிசைப் பகுதிக்கு ஜீப்புல கூட்டிட்டுப் போய்க் காட்டுற மாதிரி எங்க வறுமையை வேடிக்கை பார்க்கவும் வராதீங்க. எங்களுக்கு வரலாறு இருக்கு, அதைப் பார்க்க வாங்க.

அடுத்த ட்ரிப்புக்கு நான் தான் கைடு. ராயபுரம் ஸ்டேஷன், காலை ஆறு மணி. பர்ஸுக்கு நான் கியாரண்டி!