எம்.பி.யைப் பார்க்கப் போகுமுன்...



தெலுக் இந்தான் சாய்ந்த கோபுரத்தின் அருகே ஒரு காப்பிக்கடையில் ஓர் அம்மாளைச் சந்தித்தேன். மடியில் பிளாஸ்டிக் பை, பை நிறையக் காகிதங்கள். "எம்.பி. ஒரு லெட்டர் கொடுத்தா எல்லாம் முடிஞ்சிரும்னு சொன்னாங்க தம்பி" என்றார். குடியுரிமைக்கு மனுப் போட்டு எட்டு ஆண்டுகள் ஆகின்றனவாம். கேட்கும்போதெல்லாம் "பரிசீலனையில் இருக்கிறது" என்ற ஒரே பதில்தானாம்.

அவர் பிறந்தது இதே மண்ணில், சுதந்திரத்துக்கு முன்பு, ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில். கையிலிருப்பதோ சிவப்பு அடையாள அட்டை. பிள்ளைகள் எல்லாருக்கும் நீல அட்டை. தேர்தல் நாளில் அவர்கள் ஓட்டுப் போடப் போவார்கள்; இவர் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருப்பார்.

இப்படி ஆனதற்கு அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. 1957இல் இங்கே பிறந்தவர்கள் பதிந்துகொள்ள வழி திறந்தது. முதல் ஓராண்டுக்கு மலாய்மொழிச் சோதனைகூட இல்லை. "எப்படியும் ஊருக்குப் போகப்போகிறோம்" என்று நம் பெரியவர்களில் பலர் இருந்துவிட்டார்கள். 1969இல் குடிமக்கள் அல்லாதாருக்கு வேலைப் பெர்மிட் கட்டாயமான பிறகுதான் அந்த அட்டையின் நிறம் உறைத்தது. பல்லாயிரம் பேர் கப்பலேறினார்கள். மிஞ்சியவர்களில் ஒருவர்தான் இந்த அம்மாள்.

சரி, எம்.பி.யால் என்ன முடியும்? குடியுரிமையைத் தூக்கிக் கொடுக்க அவரால் முடியாது; முடிவு மத்திய அரசின் கையில். ஆனால் மனு எந்த மேசையில் நிற்கிறது, என்ன காகிதம் குறைகிறது என்று தேசியப் பதிவிலாகாவுக்கோ உள்துறை அமைச்சுக்கோ எழுதிக் கேட்கலாம். ஆதரவுக் கடிதம் தரலாம். பொதுவான தாமதத்தை நாடாளுமன்றத்தில் கேள்வியாக எழுப்பலாம். பதில் வராமல் கிடக்கும் மனுவுக்கு இது சிறிய உதவியல்ல.

ஆளைச் சரியாகப் பிடியுங்கள். குடியுரிமை மத்திய அரசின் விவகாரம். ஆகவே சட்டமன்ற உறுப்பினரைவிட எம்.பி.யிடம் போவதே நேர்வழி. பாசிர் பெடாமார், சங்காட் ஜோங் வட்டாரத்தார் தெலுக் இந்தான் எம்.பி.யிடம் போகவேண்டும். ஊத்தான் மெலிந்தாங்காரர்கள் சாமான் வாங்குவது தெலுக் இந்தானில்தான் என்றாலும், அவர்களுடைய தொகுதி பாகான் டத்தோ!

வெறுங்கையோடு போகாதீர்கள். மனு எண், கொடுத்த தேதி, ரசீது, வந்த கடிதங்களின் நகல் – இவை இல்லாமல் "ஐயா, பார்த்துச் செய்யுங்க" என்றால் அவர் எதைப் பார்ப்பார்? முக்கியமாக, எந்தப் பிரிவில் மனுப் போட்டீர்கள் என்று கேட்டு வையுங்கள். சுதந்திரத்துக்கு முன் இங்கே பிறந்து, இங்கேயே வாழ்ந்து, ஓரளவு மலாய் தெரிந்தவருக்கு அரசியல் சாசனத்தின் 16வது பிரிவு பதிவு பெறும் உரிமையையே தருகிறது. பிறப்புச் சான்று இல்லாததால் சிலர் 19வது பிரிவில் போட்டிருப்பார்கள். அதில் கொடுப்பதும் மறுப்பதும் அரசின் விருப்பம். மலாயும் கூடுதலாகத் தெரிந்திருக்க வேண்டும். பழைய தோட்டப் பள்ளிப் பதிவு, உடன்பிறந்தாரின் சூராட் பெரானாக், உங்கள் பிறப்பை அறிந்த முதியவரின் சத்தியப் பிரமாணம் எல்லாவற்றையும் தேடுங்கள். அந்த முதியவர்கள் இருக்கும்போதே தேடுங்கள்.

பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் அவசரம். கோயிலில் தாலி கட்டிப் பதிவு செய்யாத தம்பதியரின் பிள்ளை, சட்டப்படி தாயின் நிலையைத்தான் பெறும். தாய் வெளிநாட்டவர் என்றால் சிக்கல். அத்தகைய பிள்ளைக்கு 15ஏ பிரிவில் மனுச் செய்ய 21 வயது வரம்பு இருந்தது. 2024 அக்டோபரில் மக்களவை நிறைவேற்றிய திருத்தம் அதை 18 ஆகக் குறைக்கிறது. ஆகையால் பள்ளியில் படிக்கும்போதே மனுப் போட்டுவிடுங்கள்.

இன்னொன்று: எம்.பி.யின் கடிதத்துக்குக் காசு கிடையாது. "நான் வாங்கித் தருகிறேன், ஐந்நூறு கொடு" என்று யாராவது வந்தால் காப்பி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். அந்தக் காப்பியும் தண்டம்தான்.

அந்த அம்மாளின் பையைக் கடை மேசையிலேயே கொட்டிப் பார்த்தோம். கரண்டு பில், மருந்துச் சீட்டு, கல்யாணப் பத்திரிகைகூட இருந்தன. மனு ரசீது மட்டும் இல்லை. கடைசியில் அவருடைய கணவரின் பழைய சாக்ஸோ அட்டைக்குள் நாலாக மடித்து இருந்தது. எண் மங்கியிருந்தாலும் படிக்க முடிந்தது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நான் எழுதினேன்; அவர் விரலை வைத்து ஒவ்வோர் எண்ணாகச் சரிபார்த்தார். வருகிற சனிக்கிழமை பணிமனைக்கு இருவரும் போகிறோம்.