காயினுக்குச் சாதி இல்லையாம், காட்டுப்பாக்கத்து மனைக்கு?

என் சித்தப்பா குவைத்தில் இருபத்திரண்டு வருஷம் லாரி ஓட்டியவர். ஊர் திரும்பியதும் காட்டுப்பாக்கத்தில் அரை கிரவுண்டு மனை ஒன்றைப் பார்த்தார். என்.ஆர்.இ. கணக்கில் பணம் ரெடி. விலை பேசி, டீ குடித்து முடித்த பிறகு விற்பவர் மெல்லக் கேட்டார்: "சொந்த ஊர்ல நீங்க எந்தப் பக்கம்?" சித்தப்பா மறைக்கவில்லை. மறுநாள் புரோக்கர் போன் செய்தார். "மனை ஏற்கெனவே பேசி முடிச்சாச்சாம் சார்." எட்டு மாதம் கழித்தும் 'மனை விற்பனைக்கு' போர்டு அங்கேயே தொங்கியது.

அதே தெருவில் இப்போது அடுக்குமாடி வருகிறது. போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரம்: மெட்ரோ ஸ்டேஷன் பக்கத்திலேயே ஃபிளாட், வெளிநாட்டு நண்பர்களுக்குச் சிறப்புச் சலுகை, கிரிப்டோவும் ஏற்றுக்கொள்ளப்படும். இதை 'எல்லையற்ற, அடையாளம் கேட்காத பணம்' என்று சிலாகிக்கும் தோழர்கள் நம் பக்கத்திலும் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வெளிநாடுவாழ் இந்தியர் இங்கே வீடு, கடை வாங்கச் சட்டம் அனுமதிக்கிறது. விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு கூடாது. பணம் வங்கி வழியாக, அல்லது என்.ஆர்.இ., என்.ஆர்.ஓ. போன்ற கணக்குகளிலிருந்துதான் வர வேண்டும். கிரிப்டோ நிறுவனங்களோடு வங்கிகள் வரவு செலவு வைக்கக் கூடாது என்று 2018இல் ரிசர்வ் வங்கி போட்ட தடையை 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் நீக்கியது உண்மைதான். அதனால் காயின் ரூபாய் ஆகிவிடவில்லை. 2022 பட்ஜெட்டில் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி வந்தது. குறிப்பிட்ட வரம்புக்கு மேல் கைமாறினால் 1 சதவீதம் பிடித்தம். 2023இல் பணமோசடித் தடுப்புச் சட்டமும் கிரிப்டோ சந்தைகள் மேல் பாய்ந்தது. அப்படியானால் 'ஏற்றுக்கொள்ளப்படும்' என்பதற்கு என்ன பொருள்? பெரும்பாலும், பத்திரத்தில் ஒரு தொகை, காயினில் ஒரு தொகை. பழைய கறுப்புப் பணமேதான். மூட்டைக்குப் பதில் செல்போன், அவ்வளவுதான் வித்தியாசம்.

டாலர் எந்தக் கணக்கில் வந்தது என்று இத்தனை கேள்வி கேட்கிற அரசு, நிலம் யாரிடமிருந்து வந்தது என்று கேட்கிறதா?

பூந்தமல்லி வட்டாரம் பழைய செங்கல்பட்டு மாவட்டம். அந்த மாவட்டத்தின் கலெக்டர் ட்ரெமென்ஹீர் 1891இல் பறையர்களின் நிலைமை பற்றிக் கொடுத்த அறிக்கைதான் 1892இல் பஞ்சமி நிலங்களுக்கு வழி திறந்தது. சுமார் 12 லட்சம் ஏக்கர் என்று இயக்கங்கள் கணக்குச் சொல்கின்றன. முதல் 10 ஆண்டுகள் விற்கக் கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. அந்நியச் செலாவணி விதியைப் போலவே இதுவும் யார் வாங்கலாம், யார் வாங்கக் கூடாது என்று சொல்கிற விதிதான். ஒன்றை மீறினால் அமலாக்கத் துறை வரும். மற்றதை மீறினால் பட்டா வருகிறது! காரணை பஞ்சமி நிலத்தைத் திருப்பிக் கேட்ட போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டு ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் இறந்தார்கள்.

வாங்குகிறவரின் வக்கீல் 30 வருஷ வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்து 'கிளியர்' என்பார். 1892இல் கொடுத்த நிலம் 30 வருஷத்துக்குள் எப்படித் தெரியும்? பழைய செட்டில்மென்ட் பதிவேட்டைப் புரட்ட வேண்டும். அமெரிக்காவிலிருந்து ஃபிளாட் புக் செய்யும் தோழர்களே, கார் பார்க்கிங் எத்தனை என்று கேட்கிறீர்கள், இதையும் கேளுங்கள்.

"நான் உழைத்துச் சம்பாதித்த பணம், இதில் எங்கே சாதி?" என்று ஒரு நண்பர் சண்டைக்கு வந்தார். உழைப்பை யாரும் மறுக்கவில்லை. ஆனால் சாதி விசா எடுத்துக்கொண்டு போனதால்தானே 2023இல் சியாட்டில் நகர மன்றம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்து சட்டம் போட வேண்டி வந்தது? போன சாதி, பணத்தோடு திரும்பியும் வருகிறது. வந்து, மனை விலையை ஏற்றிவிட்டு, 'சைவம் மட்டும்' என்று போர்டு மாட்டுகிறது. குவைத் தினாருக்கு மட்டும் எந்தப் பக்கம் என்ற கேள்வி.

விளம்பரத்தை சித்தப்பாவிடம் காட்டினேன். கண்ணாடி போட்டுப் படித்தார்.

"இந்தக் காயின்ல குடுத்தா எந்த ஊரு, எந்தப் பக்கம்னு கேக்க மாட்டானாடா?"

"கிரயத்துக்கு முன்னாடி எப்படியும் கேப்பான் சித்தப்பா."

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.