உள்ளாட்சித் தேர்தலுக்கு நாள் குறிப்பது யார்?

விவசாயப் பெருங்குடி மக்களே!

நாத்து விட, நடவு நட பருவம் உண்டு. பருவம் தப்பினால் பயிர் இல்லை. உள்ளாட்சித் தேர்தலுக்கும் பருவம் உண்டு. ஐந்தாண்டு பதவிக்காலம் முடியும் முன்பே அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்கிறது அரசியல் சட்டம், 243-இ பிரிவு.

புதுச்சேரியில் நடந்தது என்ன? பிரெஞ்சுக்காரன் 1880-லேயே இங்கே கொம்யூன் வைத்தான். நம்ம ஆட்சி வந்த பிறகு 1968-ல் தேர்தல் நடந்தது. அடுத்த தேர்தல் 2006-ல். 38 வருஷம் கழித்து! அந்தப் பதவிக்காலம் 2011-ல் முடிந்தது. பத்து வருஷம் மூச்சு இல்லை. 2021-ல் மூன்று கட்டத் தேர்தல் என்று அறிவித்தார்கள். இட ஒதுக்கீட்டுத் தகராறு கோர்ட்டுக்குப் போனது, தேர்தல் நின்றது.

10 கொம்யூன் பஞ்சாயத்து, 98 கிராமப் பஞ்சாயத்து. உறுப்பினர் இல்லாவிட்டால் எல்லாம் அதிகாரி கையில். பாகூர் ஏரி வாய்க்காலில் கோரை மண்டினால் யாரைப் பிடித்துக் கேட்பது? மனு கொடுத்த அதிகாரிக்கு மாற்றல் வந்தால் மனுவும் போச்சு!

"வார்டு பிரிக்கணும், ஒதுக்கீடு பார்க்கணும்" என்பார்கள். ஒதுக்கீடு கட்டாயம் வேணும். ஆனால் பதவிக்காலம் முடியும் தேதி ஐந்து வருஷம் முன்னாடியே தெரியுமே! சட்டமன்றத் தேர்தல் மட்டும் இப்படி நிற்கிறதா?

நம் கோரிக்கைகள்:

* வார்டு, ஒதுக்கீடு வேலையை ஒரு வருஷம் முன்பே முடி!
* தேர்தல் மாதத்தைச் சட்டத்திலேயே எழுது!
* சம்பா அறுவடையில் தேர்தல் வைக்காதே!

ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் முதலில் கேளுங்கள்: "எங்க ஊர்த் தேர்தல் எப்போ?"

இவண்,
சங்கச் செயலாளர்