ஒரு இரவுக்கான விண்ணப்பம்

மார்கழி பிறந்துவிட்டது. எங்கள் இராஜபாளையத்தில் குளிர் என்றால் மின்விசிறியை ஐந்திலிருந்து இரண்டுக்குக் குறைப்பதுதான். அதற்கே நாங்கள் குல்லா போட்டுக்கொண்டு பால் வாங்கப் போவோம். வடக்கே இருந்து வந்தவர்கள் பார்த்தால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். மலையிலிருந்து இறங்குகிற அந்த விடியற்காலைக் காற்று காதில் பட்டால் தெரியும்.

போன வாரம் பெங்களூரிலிருந்து பேரன் பேசினான். "தாத்தா, அரையாண்டு லீவுல உங்க மலையில ஒரு கேபின் எடுத்து ஒரு ராத்திரி தங்கலாமா? நெருப்பு மூட்டி உட்கார்ந்து பேசலாம். நண்பர்கள் ரெண்டு பேர் வர்றாங்க" என்றான். "பார்க்கலாம்" என்றேன். அரசு ஊழியனாக முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தவன் வாயில் முதலில் வருகிற சொல் அதுதான். அந்தச் சொல்லால் நான் செய்த ஒரு தவறை இன்று எழுதப்போகிறேன். கூடவே ஒரு கருத்தையும் சொல்லப்போகிறேன்.

முதலில் மலையைப் பற்றி. இராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இருக்கிற நாம் தினமும் மேற்கே பார்த்துப் பல் துலக்குகிறோம். ஆனால் அந்த மலையில் ஒரு இரவு தூங்கி எழுந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? 1988-ல் இதைச் சாம்பல் நிற அணில்கள் சரணாலயமாக அறிவித்தார்கள். வீட்டு முற்றத்தில் ஓடுகிற அணில் இல்லை இது. பூனை அளவுக்கு உடம்பும் அதே நீளத்துக்கு வாலும் உள்ளது. மரத்திலிருந்து மரத்துக்கே தாவும், தரையில் இறங்க விரும்பாது. அதனால் மேலே கிளைகள் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். செண்பகத்தோப்புப் பக்கம் விடியற்காலையில் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தால், அதிர்ஷ்டம் இருந்தால் தென்படும். 2021 பிப்ரவரியில் இந்தச் சரணாலயத்தையும் மேகமலைச் சரணாலயத்தையும் சேர்த்து ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் ஆக்கினார்கள். ஆனைமலை, முதுமலை, களக்காடு - முண்டந்துறை, சத்தியமங்கலம் இவற்றுக்கு அடுத்து தமிழ்நாட்டின் ஐந்தாவது காப்பகம். பரப்பு 1,016 சதுர கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். பால்கோவாவுக்கும் கோபுரத்துக்கும் பேர்போன ஊர், புலிக்கும் பேர் வாங்கிவிட்டது.

இனி என் கதை. பழைய வாசகர்களுக்குத் தெரியும், நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். மாமனார் ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். பிழைப்பு இந்தப் பக்கம் அமைந்துவிட்டது. பள்ளியில் எங்களுக்குப் பாடம் எடுத்த ஒரு முசியே, ஆல்ப்ஸ் மலையடிவாரத்துக்காரர். வெயிலில் அவர் முகம் செம்பருத்தியாகச் சிவந்திருக்கும். மத்தியானப் புழுக்கத்தில் பாடத்தை நிறுத்திவிட்டுத் தன் ஊர்ப் பனியைப் பற்றிச் சொல்ல ஆரம்பிப்பார். மலையேறுபவர்களுக்காக அங்கே மலைமேல் சிறு வீடுகள் உண்டு. 'ரெஃப்யூஜ்' என்பார்கள், அடைக்கலம் என்று அர்த்தம். 1874-ல் தொடங்கிய பிரெஞ்சு ஆல்ப்ஸ் சங்கம் அப்படிப் பல வீடுகளைக் கட்டியிருக்கிறது. பெரிய வசதி ஒன்றும் கிடையாது. வரிசையாகப் பலகைப் படுக்கை, கம்பளி, ஒரு அடுப்பு, அவ்வளவுதான். டாக்டரும் தச்சரும் பக்கத்துப் பக்கத்தில் படுக்க வேண்டும். காலையில் பெருக்கிவிட்டு, தன் குப்பையைத் தானே சுமந்துகொண்டு இறங்க வேண்டும். குளிர்காலத்தில் காப்பாளர் கீழே போய்விடுவார். ஆனால் பல வீடுகளில் ஒரு அறையை மட்டும் பூட்டாமல் விட்டுப்போவார். பனியில் யாராவது வழி தவறி வந்தால் உயிர் பிழைக்க வேண்டும் அல்லவா?

"பூட்டாமலா?" என்று நாங்கள் எல்லோரும் ஒரே குரலில் கேட்டோம். அந்த ஒரு அறை அன்றிலிருந்து என் தலைக்குள் இருக்கிறது.

வேலைக்கு வந்த பிறகு இங்கே பார்த்தது வேறு. வெள்ளைக்காரன் காலத்தில் மலையடிவாரங்களில் துறை துறையாக ஓய்வு இல்லங்கள் கட்டினார்கள். ஆய்வுக்கு வருகிற அதிகாரி தங்குவதற்கு. அப்படி ஒன்று எங்கள் பக்கமும் இருந்தது. எந்தத் துறை, எந்த இடம் என்பது வேண்டாம். அதன் ஒதுக்கீட்டுக் கடிதங்கள் எங்கள் அலுவலகம் வழியாகப் போகும். தட்டச்சு செய்தவன் நான். மேலதிகாரியின் மைத்துனர், மைத்துனரின் நண்பர், அந்த நண்பரின் முதலாளி என்று எல்லோருக்கும் 'அலுவல் நிமித்தம்' என்று அடித்துக் கொடுத்திருக்கிறேன். அந்த இரண்டு சொல்லை என் விரல்கள் கண்ணை மூடிக்கொண்டு அடிக்கும்.

1984 மார்கழியில் நானே ஒரு இரவு அங்கே தங்கினேன். அதிகாரியோடு கோப்புகளைத் தூக்கிக்கொண்டு போனேன். ஓட்டுக் கூரை, நீளமான முன் தாழ்வாரம், அரிக்கேன் விளக்கு. காவலாளியே சமையல்காரர். மிளகு ரசமும் சுட்ட அப்பளமும் போட்டார். அதற்குமேல் ஒரு விருந்து நான் இன்னும் சாப்பிடவில்லை. ராத்திரி கடமான் ஒன்று கத்தியது. நான் போர்வைக்குள் சுருண்டுகொண்டேன். விடியும்போது கீழே தொலைவில் ஆண்டாள் கோபுரம் பனிமூட்டத்துக்கு மேலே தலையை மட்டும் நீட்டிக்கொண்டு நின்றது. ஒலிபெருக்கியில் திருப்பாவை காற்றோடு வந்து வந்து போனது. நாம் தினமும் மலையைப் பார்க்கிறோமே, மலையிலிருந்து நம்மைப் பார்த்தால் இப்படி இருக்குமா என்று அன்றுதான் தெரிந்தது.

திரும்பி வந்து ஆபீஸில் எல்லோரிடமும் இதைப் பெருமையடித்தேன். அடுத்த நாள் எங்கள் பியூன் தயங்கித் தயங்கி வந்து நின்றார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். "சார், எங்க வீட்டுக்காரி அந்த அடிவாரத்து ஊர்க்காரி. சின்னப் பிள்ளையில களத்துல படுத்துக்கிட்டு அந்த பங்களா விளக்கைப் பார்த்துக்கிட்டே தூங்குவாளாம். ஒரு ராத்திரி அங்க தங்கணும்னு ரொம்ப நாளாச் சொல்லுறா. வாடகை எவ்வளவுன்னாலும் கட்டிடுறேன்" என்றார்.

நான் சிரிக்கவில்லை, அதுவரைக்கும் சரி. "உரிய வழியில் விண்ணப்பம் கொடுங்க, பார்க்கலாம்" என்றேன். வெள்ளைத்தாளில் யாரிடமோ சொல்லி அழகாக எழுதி வாங்கி வந்தார். அடியில் அவர் கையெழுத்து, எழுத்து எழுத்தாக. நான் அதைக் கோப்பில் வைத்தேன். மேலே அனுப்பவில்லை. அனுப்பினால் அதிகாரி என்னைத்தான் திட்டுவார் என்று பயம். விதி தடுக்கவில்லை, துறை சாராதவர்களும் வாடகை கட்டித் தங்கலாம் என்று அந்தக் கோப்பிலேயே இருந்தது. அதை நான் படித்திருந்தேன். ஒரு வருஷம் கழித்து இன்னொரு முறை கேட்டார். "இன்னும் உத்தரவு வரல" என்றேன். பிறகு எனக்கு மாறுதல் வந்தது. அவர் ஓய்வு பெற்று, ஓய்வூதியம் அதிக நாள் வாங்காமலே போய்ச் சேர்ந்துவிட்டார்.

பேரன் கேட்டதும் எனக்கு இது ஞாபகம் வந்தது. அவனுக்கு நான் "பார்க்கலாம்" என்று சொன்ன அதே குரல்.

சரி, இன்றைக்கு நிலைமை என்ன? காப்பகத்துக்குள் நினைத்த இடத்தில் இரவு தங்க முடியாது. முடியக்கூடாது என்பதுதான் என் கருத்தும். 2018 மார்ச் 11-ஆம் தேதி தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்களைக் காட்டுத் தீ சூழ்ந்தது. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், பெரும்பாலும் இளம் பிள்ளைகள். 2015 மே மாதம் சதுரகிரியில் திடீர் வெள்ளம் பக்தர்களை அடித்துக்கொண்டு போனது. மேலே மழை பெய்வது கீழே ஓடையில் நிற்கிறவனுக்குத் தெரியாது. இந்த இரண்டும் நம் மலைத்தொடரில் நடந்தவை. தடை போட்ட அதிகாரியைத் திட்டுவதற்கு முன்னால் இவற்றை நினைக்க வேண்டும். 2024 அக்டோபரில் வனத்துறை தமிழ்நாடு முழுவதும் 40 மலையேற்றப் பாதைகளை இணையவழி முன்பதிவில் திறந்தது. வழிகாட்டி கூட வருகிறார். பகலில் போய்ப் பகலில் திரும்புவது. இது நல்ல வழி. பணம் கட்டிப் பதிவு செய்தால் போதும், யாருடைய கடிதமும் வேண்டாம்.

ஆனால் முட்டி தேய்ந்த நமக்கு மலையேற்றம் எதற்கு? ஓரமாக உட்கார்ந்து ஒரு இரவைக் கேட்டால் போதும். முதுமலையில் தெப்பக்காட்டிலும் ஆனைமலையில் டாப்ஸ்லிப்பிலும் வனத்துறையே அறைகளை வாடகைக்கு விடுகிறது. அந்த முறையில் நம் அடிவாரத்திலும், காட்டுக்கு வெளியே, ஏற்கெனவே இருக்கிற கட்டடங்களில் நான்கைந்து அறைகளைப் பொதுமக்களுக்கு விட வேண்டும் என்பது என் கோரிக்கை. புதிதாக ஒரு செங்கல்கூட வைக்க வேண்டாம். குளிர்சாதனம், நீச்சல் குளம் வேண்டாம். பதிவு இணையத்தில் வெளிப்படையாக இருக்கட்டும். இணையம் தெரியாதவருக்கு வாரத்தில் ஒரு அறை அஞ்சலட்டை விண்ணப்பத்துக்கு. சிபாரிசுக் கடிதத்துக்கு ஒரு அறையும் கிடையாது. சமையலுக்கும் காவலுக்கும் வழிகாட்டுவதற்கும் செண்பகத்தோப்பில் குடியிருக்கிற பளியர் மக்களுக்கே முதலிடம். அந்தக் காட்டை அவர்களைவிடத் தெரிந்தவர் யார்?

"விட்டால் பாட்டிலோடு வருவான், பாட்டுப் பெட்டியோடு வருவான்" என்று என் நண்பர் ஒருவர் சொல்கிறார். உண்மைதான். அருவிக்கரைகளில் உடைந்த கண்ணாடியை நானும் மிதித்திருக்கிறேன். ஆனால் கடிதம் கொண்டுவந்த பெரிய மனிதர்கள் என்ன தேனும் தினைமாவுமா கொண்டுபோனார்கள்? காவலாளி காலையில் எத்தனை பாட்டில் பொறுக்கினார் என்று எனக்குத் தெரியும். ஒழுங்கு என்பது கதவில் எழுதி மாட்டுகிற விதியிலும், அதை யாராக இருந்தாலும் கேட்கிற காவலாளியின் தைரியத்திலும் இருக்கிறது. அந்தத் தைரியத்தை நாம் அவருக்குக் கொடுக்க வேண்டும்.

அது நடக்கிறபோது நடக்கட்டும். இந்த மார்கழிக்கு நான் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறேன். செண்பகத்தோப்புப் போகிற வழியில் நண்பருக்கு ஒரு மாந்தோப்பு இருக்கிறது. காவல் வீடு ஒன்று, இரண்டு அறை, கழிப்பறை உண்டு. காட்டுக்குள் இல்லை, கண்ணுக்கெதிரே காடு. தோப்புக்காரர் போட்ட நிபந்தனை, இருட்டிய பிறகு வீட்டை விட்டு இறங்கக் கூடாது. யானையும் பன்றியும் தோப்புக்கு வரும். நான் பேரனுக்குப் போட்ட நிபந்தனைகள் இவை. நெருப்பு மூட்டுவது கிடையாது, வேண்டுமானால் சமையல் அடுப்பைச் சுற்றி உட்காரலாம். பாட்டு, பட்டாசு கிடையாது. குரங்குக்கு ஒரு வாழைப்பழம்கூடக் கொடுக்கக் கூடாது. கொண்டுபோன பிளாஸ்டிக் அத்தனையும் திரும்பி வர வேண்டும்.

நம் வயதுக்காரர்கள் யாராவது இப்படிக் கிளம்பினால், எங்கள் பட்டியல் உதவும்: கம்பளி ஆளுக்கொன்று, காதை மூடும் குல்லா, தலைமாட்டில் டார்ச், பிளாஸ்கில் சுக்குக் காப்பி, மூன்று வேளை மாத்திரை (ஒரு நாளைக்குக் கூடுதலாக), கைத்தடி, பக்கத்து ஊர் ஆட்டோக்காரரின் எண்ணைத் தாளில் எழுதியது. தொலைபேசியில் கோபுரம் தெரியாது என்று வைத்துக்கொண்டே கிளம்புங்கள். மழை எச்சரிக்கை இருந்தால் வெட்கப்படாமல் ரத்து செய்யுங்கள். என் மனைவி முதலில், "ஏங்க, இந்த வயசுல இதெல்லாம் தேவையா?" என்றாள். இப்போது இட்லிப் பொடி அரைத்துக்கொண்டிருக்கிறாள்.

நேற்று பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். விசாரித்து விசாரித்து அந்தப் பியூனின் வீட்டைக் கண்டுபிடித்தேன். அந்த அம்மாள் இருக்கிறார், எண்பது தாண்டிவிட்டது. திண்ணையில் உட்கார்ந்து பூத் தொடுத்துக்கொண்டிருந்தார். நடந்ததை நடந்தபடி சொன்னேன். கோப்பில் வைத்து அனுப்பாமல் விட்டதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் நாரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "உத்தரவு வரலைன்னுதான் அவரு சொன்னாரு. நீங்க நல்ல மனுசன், அலைஞ்சு பாத்தீங்கன்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு" என்றார்.

எனக்குப் பதில் வரவில்லை. தோப்புக்கு எங்களோடு வாருங்கள் என்று கூப்பிட்டேன். "நான் எங்கய்யா வரப்போறேன், இடுப்பு விட்டுப்போச்சு. பேத்தி இருக்கா, பன்னெண்டாவது படிக்கிறா. அவளைக் கூட்டிட்டுப் போங்க. போய்ட்டு வந்து எனக்குச் சொல்லட்டும்" என்றார். அவளுடைய அம்மாவும் கூட வருகிறார். ஆக மொத்தம் ஏழு பேர். கம்பளி இன்னும் இரண்டு வாங்க வேண்டும்.

வாசக நண்பர்களில் பலர் அலுவலகங்களில் இருந்தவர்கள். உங்கள் பழைய கோப்பில் யாருடைய தாளாவது மேலே போகாமல் கிடந்திருந்தால், அவர் வீடு எங்கே என்று விசாரித்துப் பாருங்கள். தோப்பிலிருந்து வந்ததும் அணில் தென்பட்டதா என்று எழுதுகிறேன்.